எண்ணாமல் எழுதிய நாடித்துடிப்பு

பெங்களூருவில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் தமிழ்நாட்டுப் பெண்களில் நானும் ஒருத்தி. பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்விலும் பிறகு மனச்சோர்வு நோயிலும் சிக்கி, ஐந்தாம் செமஸ்டரில் படிப்பையே விட்டுவிடும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்து, இப்போது கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். என்னுடன் சேர்ந்தவர்கள் ஆறு மாதம் முன்பே முடித்துவிட்டார்கள். பணமாகக் கணக்கிட்டால் எங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ 67,000 ரூபாய் வீணாகியிருக்கிறது. அதில் பெரும்பகுதியை இழக்காமல் இருந்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது என்னிடம் யாரும் சொல்லாத சில விஷயங்கள் வேறு ஒருத்திக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா லாரி ஓட்டுகிறார். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறோம். 2022 தொடக்கத்தில் ஓர் ஏஜென்ட் மூலம்தான் கல்லூரியில் சேர்ந்தேன். அவருக்கு 35,000 ரூபாய், கல்லூரிக்கு ஆண்டுக்கு 1,10,000, விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்து 75,000 என்று அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அடகுச் சீட்டு வீட்டில் இருக்கும்போது, "என்னால் முடியவில்லை" என்று சொல்லப் பெண்ணுக்கு வாய் வராது. என் பிரச்சினையில் பாதி அந்தச் சீட்டில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் ஆண்டு பெரும்பாலும் வகுப்பறையிலேயே கழிந்தது. இரண்டாம் ஆண்டில், மருத்துவமனை வார்டில் வேலை பழகும் போஸ்டிங் கூடியபோதுதான் உடலும் மனமும் தேயத் தொடங்கின. பாடத்திட்டத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றுதான் இருக்கிறது. ஆனால் குளியலறை வரிசையில் இடம் பிடிக்கக் காலை நான்கே முக்காலுக்கு எழ வேண்டும். ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்து, ஏழரை முதல் ஒன்றரை வரை டியூட்டி, அதன்பின் ஐந்து மணி வரை வகுப்பு, இரவு ஏழு முதல் ஒன்பது வரை வார்டன் மேற்பார்வையில் படிப்பு நேரம் என்று நாள் ஓடும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் கேர் பிளான், மருந்துகளைப் பற்றி எழுதும் டிரக் புக், கேஸ் பிரசன்டேஷன், புரொசீஜர் புக் என்று எழுத்து வேலை தொடங்கும். நள்ளிரவு தாண்டாமல் படுத்த நாள்கள் அந்த ஆண்டில் அரிது. வரிசையாக ஒரு மாதம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினால் என்ன ஆகும் என்று நர்சிங் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துத் தேர்வு எழுதிய நாங்கள், எங்களை அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

மொழியும் ஒரு சுமையாக இருந்தது. வார்டில் நான் முதலில் கற்ற கன்னட வாக்கியம் "நோவு இதெயா?" என்பது. எங்கள் ஊரிலும் வலியை நோவு என்றே சொல்வார்கள் என்பதால் அது எளிதாக வந்தது. ஆனால் நோயாளி பதில் சொல்லத் தொடங்கினால் பாதிக்கு மேல் புரியாது. புரியாமல் விழிக்கும்போது கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் நோயாளியின் எதிரிலேயே கடிந்துகொள்வார். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, சிரித்த முகத்துடன் திரும்ப வேண்டும். "நர்ஸ் தன் கஷ்டத்தை வார்டு வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வரவேண்டும்" என்று முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள். நோயாளியின் நலனுக்காகச் சொல்லப்படும் பேச்சுதான். தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றிவிட்டதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

2023 நவம்பரில் தலைவலி தொடங்கியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது, படித்த வரியையே நான்கு முறை படிக்க வேண்டியிருந்தது. ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். மூளைக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். 6,500 ரூபாய் ஆனது, ஒன்றும் இல்லை என்று வந்தது. கண்ணாடி போட்டால் சரியாகும் என்று 2,800 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினேன். ஞாபகசக்தி லேகியத்துக்கு 1,900 போயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் ஹீமோகுளோபின், தைராய்டு ஆகிய இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகளை எடுக்க எனக்கே தோன்றவில்லை. நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் நான்தான் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் அந்த இரண்டையும் பாருங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குச் செலவு மிகக் குறைவு. சிகிச்சைக்கு இடமுள்ள ஒரு காரணம் அங்கேயே தெரிந்துவிடக் கூடும்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். நான்கு நாள் விடுப்பு; போனால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். மாட்டுப் பொங்கல் அன்று தங்கை, கொம்புக்கு வர்ணம் அடிக்க வா என்று மூன்று முறை கூப்பிட்டாள். சிறுவயது முதல் அந்த வேலைக்கு நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். அன்று நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே எதுவுமே அசையவில்லை. அம்மா அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பின்னாளில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, "வீட்டுக்குப் போனபோது எப்படி இருந்தது?" என்பதே. வேலைச் சுமையால் மட்டும் வரும் வறட்சி, அந்தச் சுமையிலிருந்து விலகியதும் சற்றாவது தணியும். விடுமுறையிலும் பிடித்தமான எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்க வாய்ப்புண்டு என்று அவர் விளக்கினார்.

அடுத்து நான் எழுதப்போவதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். பிப்ரவரியில் பெண்கள் மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி. இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஒதுக்கிய நான்கு நோயாளிகளுக்கு வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இவற்றைக் குறிக்கும் டி.பி.ஆர். சீட்டை எடுத்து, யாரையும் தொட்டுப் பார்க்காமலே எழுதினேன். 98.6, 78, 18, 120/80 என்று ஒரே மாதிரி போட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக ஒருவருக்கு 76 என்றும் இன்னொருவருக்கு 80 என்றும் மாற்றிப் போட்டேன். அந்த அளவுக்கு மட்டும் மூளை வேலை செய்தது. மூன்று மணிக்கு டிரிப் மாற்றப் போன ஸ்டாஃப் நர்ஸ் பதினொன்றாம் படுக்கைப் பாட்டியின் கையைத் தொட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்தார். 102.4 இருந்தது. "நீ பார்த்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன் சிஸ்டர்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு டியூட்டி டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார். மருந்து மாற்றப்பட்டு அந்தப் பாட்டி நான்கைந்து நாளில் தேறி வீட்டுக்குப் போனார். ஸ்டாஃப் நர்ஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கருணை அன்று எனக்கு உதவவில்லை என்றுதான் சொல்வேன். யாராவது உட்காரவைத்து, "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விவரித்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்று சொல்லி மூன்று அடையாளங்களைக் கொடுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதை அலட்சியத்தோடு பார்ப்பது, தன்னால் எதையும் சரியாகச் செய்ய முடிவதில்லை என்ற உணர்வு ஆகியவையே அவை. முதலாவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். நர்சிங் மாணவிகள் அதிகம் பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு என்பது என் கருத்து. ஏனென்றால் அது நோய் போலத் தெரியாமல், நாம் கெட்டவளாகிவிட்டது போலத் தெரியும். நோயாளியைப் படுக்கை எண்ணாக மட்டும் நினைக்கத் தொடங்கியதையும், கூப்பிடும் குரல் கேட்டாலே எரிச்சல் வந்ததையும் நான் என் குணக்கேடு என்று எண்ணி மறைத்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு டியூட்டிக்குப் போகாமல் விடுதியில் படுத்துக்கொள்ளும் நாள்கள் கூடின. கல்லூரியில் ஒரு நாள் விடுப்புக்கு 500 ரூபாய் அபராதம், அதோடு இரண்டு நாள் கூடுதல் டியூட்டி. ஓய்வு தேவைப்பட்டவளுக்கு ஓய்வின் தண்டனையாக மேலும் வேலை சேர்ந்துகொண்டே போனது. மொத்தம் 23 நாள், 11,500 ரூபாய். வருகைப்பதிவு போய்விட்டால் நான்கு வருடப் படிப்பும் போய்விடும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். அந்தப் பயமே மறுநாள் எழ விடாமல் அழுத்தியது. இதற்கிடையில் செல்போனில் விளம்பரம் பார்த்து ஓர் ஆன்லைன் ஆலோசகரிடம் அமர்வுக்கு 1,200 வீதம் ஐந்து முறை பேசினேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நாடியை எண்ணாமல் எழுதினேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோது, அது வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து நல்ல வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார். பிறகு விசாரித்ததில் அவருக்கு உளவியலில் பட்டமே இல்லை என்று தெரிந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஏப்ரலில் மனநல நர்சிங் போஸ்டிங்குக்கு எங்களை பெங்களூருவிலேயே உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு அனுப்பினார்கள். அது 1974-இல் அங்கிருந்த மனநல மருத்துவமனையையும் பயிற்சி நிறுவனத்தையும் இணைத்து உருவானது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். சாந்திநகர் பஸ் நிலையத்தில் ஏறி ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஓசூர் சாலையில் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன். ஆனாலும் எனக்காக அங்கே போகலாம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. போஸ்டிங்கில் ஒரு நோயாளியிடம் பேசி அவருடைய மனநிலைப் பரிசோதனையை எழுத வேண்டும். கடைசிப் பகுதி இன்சைட், அதாவது தனக்கு நோய் இருப்பதை அவர் எவ்வளவு உணர்ந்திருக்கிறார் என்பது. அதில் ஆறு நிலைகள் உண்டு. நோயே இல்லை என்று முற்றிலும் மறுப்பது முதல் நிலை. என் வயதுள்ள ஒரு பெண், தூக்கமில்லை, பசியில்லை, ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் டயர்ட், அவ்வளவுதான்" என்றாள். நான் "கிரேட் 1" என்று எழுதினேன். எழுதிய பேனா கையிலேயே இருக்க, அவள் சொன்ன அதே சொற்களை முந்தின வாரம் அம்மாவிடம் நான் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு பாடப்புத்தகத்தில் இருந்த பி.எச்.க்யூ-9 வினாத்தாளை எனக்கே போட்டுப் பார்த்தேன். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள்; அதிகபட்சம் 27. எனக்கு 17 வந்தது. இறந்துபோனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு என்னால் பூஜ்யம் போட முடியவில்லை. காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று பல நாள் நினைத்திருந்தேன். மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து 14416-க்கு அழைத்தேன். டெலி மனாஸ் என்ற அந்த மத்திய அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது; இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். எடுத்த பெண் அவசரப்படவில்லை. "இப்ப நீங்க எங்க உட்கார்ந்திருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று முதலில் கேட்டார். கீழே இறங்கி அறைத்தோழியை எழுப்பச் சொன்னார். அவள் பக்கத்தில் வரும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்த ஒன்பதாவது கேள்விக்கு உங்கள் விடை பூஜ்யமாக இல்லை என்றால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து, சீருடை இல்லாமல் சுடிதாரில், தோழியுடன் அதே நிம்ஹான்ஸின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். கல்லூரிக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தேன். நாங்கள் போஸ்டிங்கில் வரிசையை ஒழுங்குபடுத்திய அதே இடத்தில் என் டோக்கனுடன் உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பு நீண்டது, ஒரு நாள் முழுவதையும் அதற்காக ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் மருத்துவர் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார், தமிழிலேயே பேசினார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. மனச்சோர்வு நோய் என்று சொல்லி எஸ்சிட்டலோபிராமும், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும், வாரம் ஒரு முறை ஆலோசனையும் எழுதினார். முதல் ஐந்து நாள் குமட்டல் இருந்தது. நான்காம் நாளே பலன் இல்லை என்று நிறுத்திவிட நினைத்தேன். இந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று என் டிரக் புக்கில் என் கையெழுத்திலேயே இருந்ததைப் பார்த்துத்தான் தொடர்ந்தேன். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு இடையில் விழிக்காமல் தூங்கினேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஓசூர் வரை லோடு கொண்டு வந்தவர் அங்கிருந்து பஸ் பிடித்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பா, நீ சொல்ற நோவு எனக்குப் புரியல. ஆனா வண்டி சூடானா ஓரங்கட்டித்தான் ஆகணும். லோடு அவசரம்னு ஓட்டுனா இன்ஜின் ஜாம் ஆயிடும்" என்றார். அடகுச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் நடந்தது வேறு. ஆறு வாரம் மருத்துவ விடுப்பு கேட்டபோது, விலகுவதானால் மீதிக் காலத்துக்கான கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டுச் சான்றிதழ்களை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நாங்கள் விலகுவதைப் பற்றிப் பேசவே இல்லை. என் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள் சேர்ந்த நாள் முதல் அவர்களிடம்தான் இருந்தன. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே அறிவித்திருப்பது அப்போது எனக்குத் தெரியாது. சேரும்போதே சரிபார்த்துத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சீனியர் அக்கா அனுப்பிய இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்ட விதிமுறை. 2021-இல் வெளியான அந்த விதிமுறையில், தேர்வு எழுதத் தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறும் முன் பிராக்டிகல் பகுதிகள் ஒவ்வொன்றிலும் 100 சதவீதம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இதை இரண்டு முறை படியுங்கள். பட்டத்துக்கு முன் நூறு சதவீதம் என்றால், விட்டுப்போன வார்டு நாள்களைப் பிறகு ஈடுசெய்துகொள்ளலாம் என்றுதானே பொருள்! தேர்வு ஒரு முறை தள்ளிப்போகலாம், படிப்பு அழிந்துவிடாது. இந்த ஒரு வரி 2023-இல் தெரிந்திருந்தால், எழ முடியாத உடலோடு இரவு வார்டில் உட்கார்ந்து பொய் எழுதியிருக்க மாட்டேன். அப்பா அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மருத்துவச் சான்றிதழையும் இணைத்து, விடுப்புக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கினார். வாயால் கேட்ட விடுப்பு அதுவரை ஒவ்வொரு முறையும் "தகவல் இல்லாமல் வரவில்லை" என்றுதான் பதிவாகியிருந்தது. முத்திரை விழுந்த பிறகு பேச்சின் தொனியே மாறியது. அந்த செமஸ்டர் தேர்வை அடுத்த முறை எழுதினேன். வார்டு நாள்களை விடுமுறைகளில் முடித்தேன். அதற்காக விடுதியில் கூடுதலாக 38,000 ரூபாய் ஆனது. நிம்ஹான்ஸில் எட்டு மாதச் சிகிச்சைக்கு மருந்துடன் சேர்த்து மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை.

சிகிச்சை எடுத்தது கல்லூரிக்குப் போய்விடும் என்ற பயத்திலேயே பலர் ஒதுங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. விடுப்புச் சான்றிதழில் என்ன எழுதுவது என்று என் மருத்துவர் என்னிடம் கேட்டே எழுதினார். அதேபோல, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லை என்றால், பெற்றோர் கூட்டத்தில் அப்பாவையோ அம்மாவையோ எழுந்து கேட்கச் சொல்லுங்கள். மாணவி கேட்டால் திமிர் என்பார்கள்.

மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து 2024 டிசம்பரில் மருந்தை நிறுத்தினேன். நைட் டியூட்டி மாதங்களில் தூங்கிய மணிகளை டைரியின் ஓரத்தில் குறித்துவைக்கிறேன். தொடர்ந்து பத்து நாள் ஐந்துக்குக் கீழே போனால் மறுபடி போய்ப் பார்ப்பதாக மருத்துவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை போகவும் செய்தேன். போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர், ஒருத்தி கிருஷ்ணகிரி, இன்னொருத்தி திருப்பத்தூர், வார்டு ஸ்டோர் ரூமில் என்னைப் பிடித்து, நிம்ஹான்ஸுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஒருத்தி இன்னொருத்திக்குத் துணையாக இருங்கள் என்று சொன்னேன். டாக்டரிடம் தலைவலியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், வார்டில் வெட்கப்படும்படி ஏதாவது செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள் என்றேன். கிருஷ்ணகிரிப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "டி.பி.ஆர். விஷயமாக்கா?" என்று கேட்டாள்.